குஞ்சம் வைத்த விலங்கு

தன் கணவர் ஒரு விலங்கு என்கிற செய்தி அவளுக்குப் பேருந்து நிறுத்தத்தில்தான் தெரிந்தது.

காலையில் கடை திறக்கப் போகிற அவசரம். நிழற்கூரையின் பின்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி, பசை காயாமல், ஒரு மூலை மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. “நம் மலையின் புதிய உயிர்” என்று மேலே கொட்டை எழுத்து. கீழே, இருண்ட பச்சைக்கு நடுவே, நாலு காலில் நடந்து வரும் ஒரு பெரிய உருவம். முதுகு வளைந்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் ஒரு வால். கண் இரண்டும் விளக்குப்போல எரிந்தன. உச்சந்தலையில் பந்துபோல ஒரு கொண்டை.

அவள் முதலில் பார்த்தது அந்தக் கொண்டையைத்தான். அது கொண்டை இல்லை, குஞ்சம். அவருக்காக அவள் பின்னிய கம்பளித் தொப்பியின் உச்சியில், மிச்ச நூலை வீணாக்க மனமில்லாமல் சுற்றிக் கட்டியது. கட்டு சரியாக விழாமல் எப்போதும் இடப்பக்கம் சாயும். சுவரொட்டியிலும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது.

எரிகிற கண்களும் கண்கள் இல்லை. அவள் கடையில் அவளே கண் பார்த்து, சட்டம் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி வளைத்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடி. கேமரா வெளிச்சம் பட்டு மின்னியிருந்தது.

பக்கத்தில் பேருந்துக்கு நின்ற ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “பார்க்கவே பயமா இருக்குல்ல?”

“குறட்டை விடும்,” என்றாள் அவள். “மத்தபடி சாது.”

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவள் மடங்கிய மூலையைப் பிடித்து மெதுவாக உரிக்கத் தொடங்கினாள். வாய்ப்பக்கம் வந்தபோது கை நின்றது. படத்தில் அவள் கணவருக்கு இரண்டு கோரைப்பற்கள் முளைத்திருந்தன. யாரோ தூரிகையால் வரைந்து சேர்த்திருந்தார்கள்.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் இந்தக் கூத்து விளங்கும்.

மலையில் விலங்குகளைக் கணக்கெடுப்பவர்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. தடம் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். உடம்புச் சூட்டோடு எது குறுக்கே போனாலும் அது தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். சூட்சுமம் எல்லாம் கட்டுவதில் இருக்கிறது. உயரத்தில் கட்டினால் முள்ளம்பன்றி தப்பித்துவிடும். தாழக் கட்டினால் மானின் முழங்கால் மட்டும் விழும். அதனால், கட்டியவர் தாமே மண்டியிட்டுக் கையை ஊன்றி, கேமராவுக்கு முன்னால் நாலு காலில் ஒருமுறை நடந்து காட்ட வேண்டும். அதுதான் சோதனை.

மற்றவர்கள் கூச்சப்பட்டுக் கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அவர் மெய்யாகவே நடப்பார். மானுக்கு வைத்த கேமரா என்றால் மானாக, கரடிக்கு என்றால் கரடியாக. கூட வேலை செய்தவர்கள் அவரை ‘நாலுகால்’ என்றே கூப்பிட்டார்கள். நடையின் முடிவில் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்துவாராம்.

“எப்படியும் அழிக்கப்போற படம். அதுக்கு எதுக்கு மூஞ்சி காட்டுறீங்க?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“அழிக்கிறதுக்கு முன்னாடி எவனாவது பார்ப்பான்ல. நாள் முழுக்க எலியா எண்ணிட்டு இருப்பான். சிரிச்சுட்டுப் போகட்டும்.”

ஆனால் மனிதர்கள் பிடிக்கிற கேமரா முன்னால் நிற்க அவருக்கு வராது. கல்யாணப் படத்தில் கண்ணை மூடியிருந்தார். வேலை அட்டையில் திருட்டு வழக்கில் மாட்டியவர்போல இருந்தார். அவர் அவராக இருந்த படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அப்படிப்பட்டவை எல்லாம் மலையில் எடுக்கப்பட்டு, மலையடிவாரத்தில் அழிக்கப்பட்டவை.

மலையடிவாரத்தில் இருந்தது மலையுயிர் ஆய்வு நிலையம். மழைக்காலம் வந்தால் நிலையம் மலையை மூடிவிடும். யாரும் மேலே போகக் கூடாது என்று வாசலில் சங்கிலி போட்டு ஒரு பலகை தொங்கும். அந்த வருஷமும் சங்கிலி போட்டாயிற்று. ஆனால் நிலையத்தின் பொன்விழா நெருங்கிக்கொண்டிருந்தது, காட்டுவதற்குப் புதிதாக ஒரு பல்லிகூட அகப்படவில்லை. இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, “ஒரே ஒரு கேமரா. மேல் முகட்டுல கட்டிட்டு ஓடி வந்துடு,” என்று வாயால் மட்டும் சொன்னார். அவர் சங்கிலியைத் தாண்டிப் போனார். இறங்கும் வழியில் ஓடை பெருக்கெடுத்திருந்தது. மழை விட்ட பிறகு, கீழ்ப்பாலத்துப் பாறைகளுக்கு நடுவிலிருந்து அவர் உடலைத் தூக்கி வந்தார்கள். மழைக்கோட்டுக்குப் பொத்தான்கூட அறுந்திருக்கவில்லை. தொப்பியும் கண்ணாடியும் ஓடையோடு போய்விட்டன.

நிலையத்திலிருந்து மலர்வளையம் வந்தது. ‘நண்பர்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மலை மூடியிருந்தபடியால் அன்று மலையில் ஆள் யாரும் இல்லை என்பது நிலையத்தின் நிலைப்பாடு. ஆள் இல்லாத மலையில் ஆள் சாக முடியாது. ஆகவே அவர் எங்கோ செத்து, எப்படியோ ஓடைக்குள் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கேமராவைக் கழற்றி வந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு படம் இருந்திருக்கிறது.

சுவரொட்டியைப் பார்த்த மறுநாள் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு நாத்தனாரோடு நிலையத்துக்குப் போனாள். நாத்தனார் வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள். பயந்தவர்களைக் கத்தியே தைரியசாலிகளாக்குவது அவளுக்குத் தொழில்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு சாளரங்கள் இருந்தன. ஒன்றின் மேல் ‘மனிதர்’ என்றும் மற்றதன் மேல் ‘விலங்கு’ என்றும் எழுதியிருந்தது. மனிதர் சாளரம் சாத்தியிருந்தது. கதவின் அடியில் சிலந்தி கூடு கட்டி, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. விலங்குச் சாளரத்தின் எதிரே மெத்தை நாற்காலிகள், மின்விசிறி, தேநீர்.

“இது எப்போ திறக்கும்?” என்று நாத்தனார் மனிதர் சாளரத்தைக் காட்டி வாசல் காவலாளியிடம் கேட்டாள்.

“நான் சேர்ந்ததிலேருந்து பார்த்ததில்லைக்கா. அடிபட்ட ஆந்தையைத் தூக்கிட்டு வந்தா இந்தப் பக்கம் உடனே கவனிப்பாங்க. ஆந்தை எதுவும் இருக்கா?”

“எங்க அண்ணன்தான் இருக்கார். சுவத்துல.”

காவலாளி அவளைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நாலுகால் வீட்டம்மாவா? விலங்குப் பக்கமே போங்கம்மா. அங்கதான் நடக்கும்.”

அப்படித்தான் நடந்தது. புதிய உயிரைப் பற்றித் தகவல் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னதும் சாளரத்தில் இருந்தவர் எழுந்து நின்றார். தேநீர் வந்தது. இயக்குநர் அறைக்கே அழைத்துப் போனார்கள்.

அறை பெரியது. சுவர் முழுக்கக் கொம்புகள். இயக்குநர் நெடுநெடுவென்று, எப்போதும் யாரோ சிலை வடிக்கிறார்கள் என்பதுபோல நிற்பவர். அவருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வால் நிபுணர். வால்களுக்கென்றே படித்து, வால்களுக்கென்றே பல வருஷம் காத்திருந்து, இப்போதுதான் ஒரு வாலைக் கண்டவர். மேசைமேல் அந்தப் படம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, அகலமான மரச்சட்டம், தொங்கவிடப் பட்டுக்கயிறு.

அதில் பற்கள் இல்லை. அவர் இருந்தார். மழையில் நனைந்து, கையை ஊன்றி, கண்ணாடி மின்ன, நாக்கைத் துருத்திக்கொண்டு. நாக்கைத் துருத்தும்போது வரும் அந்தச் சிரிப்பை அடக்க முடியாமல், கன்னத்தில் குழி விழ.

 நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது என் வீட்டுக்காரர்,” என்றாள் அவள்.

இயக்குநர் பொறுமையாகத் தலையசைத்தார். படத்தை எடுத்துக் கை நீளுமட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவளுக்கு அந்தக் கை புரிந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் பிடிப்பார்கள்.

“அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா அறிவியலுக்குத் துக்கம் கிடையாது. விழாதான் உண்டு. நான் படிப்படியாச் சொல்றேன், கேளுங்க. மலை மூடியிருந்தது. மூடியிருந்த மலையில மனுஷன் இருக்க முடியாது. படத்துல ஏதோ ஒண்ணு இருக்கு. அது மனுஷன் இல்லன்னா விலங்கு. எங்களுக்குத் தெரிஞ்ச எந்த விலங்குக்கும் தலையில பந்து கிடையாது. அப்போ இது புது விலங்கு. இதுல எந்தப் படியில உங்களுக்குச் சந்தேகம்?”

“முதல் படியில. நீங்கதானே அவரை மேல போகச் சொன்னீங்க?”

“நான் சொல்லியிருந்தா அவர் போயிருப்பார். போயிருந்தா மலை மூடியிருக்காது. மலை மூடியிருந்தது. பலகையைப் பாருங்க.”

வால் நிபுணர் தொண்டையைச் செருமினார். “வாலை விளக்கட்டுமா சார்?”

“அது கயிறு,” என்றாள் அவள். “கேமரா கட்டின மிச்சக் கயிறை இடுப்புல செருகிக்குவார்.”

“நுனியில முடிச்சு மாதிரி இருக்கே. வால்நுனி முடிச்சு இதுவரைக்கும் எந்தப் பாலூட்டியிலயும் பதிவானதில்ல,” என்றார் வால் நிபுணர். அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. “அந்தத் தலைப்பந்து, பெண்ணைக் கவர்றதுக்காக வளர்றதுன்னு நினைக்கிறோம்.”

“பெண்ணுதான் பின்னிக் கொடுத்தா. அதே நூல்ல எனக்குச் சால்வை பின்னியிருக்கேன், பாருங்க.” கழுத்தைச் சுற்றியிருந்ததன் ஓரத்திலிருந்து ஒரு பிடி நூலை உருவி மேசைமேல் வைத்தாள்.

 வால் நிபுணர் கையுறை மாட்டிக்கொண்டார். இடுக்கியால் நூலை எடுத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டார். குப்பியின் மேல் ‘விலங்கின் தலைமுடி, உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் கொடுத்தது’ என்று ஒட்டினார்.

“யோவ்,” என்றாள் நாத்தனார்.

“அம்மா, நீங்க பெரிய உதவி பண்றீங்க,” என்றார் இயக்குநர். “இந்த விலங்கைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான் போல. பழக்கவழக்கம் ஏதாவது சொல்ல முடியுமா? தனியா வாழுமா, சோடியாவா?”

“சோடியா.”

“சத்தம்?”

“குறட்டை. மல்லாந்து படுத்தா அதிகம்.”

“கோபம் வந்தா?”

“சாப்பிடாம படுத்துக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தானே எழுந்து வந்து தட்டை எடுக்கும்.”

வால் நிபுணர் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவள் ஆத்திரத்தில்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவர் போன பிறகு இத்தனை கேள்வி அவரைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட எப்படிச் செத்தார் என்றுதான் கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று கேட்டது இந்த அறை ஒன்றுதான். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

“நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. எனக்கு இந்தப் படம் வேணும். விழா முடிஞ்சதும் குடுத்துடுங்க.”

“அதுதான் முடியாது. மனுஷர் படம்னா குடும்பத்துக்குத் தரலாம்னு விதி இருக்கு. விலங்குக்குக் குடும்பம் கிடையாது. இனம்தான் உண்டு. கேமராவில இருந்ததை வழக்கம்போல அழிச்சாச்சு, இருக்கிற அசல் இது ஒண்ணுதான். விழா முடிஞ்சதும் இரும்புப் பெட்டகத்துல வெச்சு மூடிடுவோம். வெளிச்சம் பட்டா கெட்டுடும் பாருங்க.”

“அப்புறம் யார் பார்ப்பாங்க?”

“வருங்காலம்.”

அவள் குனிந்து சட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கேமராக்கள் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதியும் நேரமும் விழும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தில் அடிப்பக்கம் மட்டும் சட்டம் இருமடங்கு அகலமாக இருந்தது.

“கீழ மட்டும் ஏன் இவ்வளவு மரம்?”

“அலங்காரம்,” என்றார் இயக்குநர்.

“சார், உங்களுக்குக் கிட்டப் பார்க்கிற கண்ணாடி வேணும். கடைக்கு வந்தா நான் பார்த்துத் தர்றேன்.”

இயக்குநர் படத்தை மேசையில் வைத்தார். முதல்முறையாக அவர் குரல் கெட்டது. “என் கண்ணால இந்த மலையில எத்தனை உயிருக்குப் பேர் வெச்சிருக்கேன் தெரியுமா? இந்தக் கண்ணுக்கு எவன் கண்ணாடியும் தேவையில்ல. இந்த விலங்குக்கும் என் பேரைத்தான் வெச்சிருக்கேன்.”

வெளியே வந்ததும் நாத்தனார் படியில் உட்கார்ந்துவிட்டாள். “எங்க அண்ணனுக்கு அந்த ஆளோட பேராம். எங்கப்பா வெச்ச பேர் என்ன குறைஞ்சு போச்சு? அண்ணி, ஏதாவது சொல்லுங்க. அழுங்க. இப்படிச் சும்மா நிக்காதீங்க.”

அவள் சும்மா நிற்கவில்லை. சால்வையைப் பிரித்தால் ஒரு தொப்பிக்கு நூல் தேறுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தேறும்.

விழாவுக்கு அழைப்பு தானாகவே வந்தது. ‘விலங்கின் பழக்கவழக்கங்களை அறிந்த உள்ளூர்ப் பெண்மணி’க்கும் உடன் வருபவருக்கும் முன்வரிசையில் இடம். புதிய விலங்குக்கு அமைச்சர் முழுப் பாதுகாப்பு அறிவிப்பார் என்றும் அதில் அச்சிட்டிருந்தது.

நிலையத்தின் மண்டபத்துக்குள் ஒரு காடு செய்திருந்தார்கள். தொட்டிச் செடிகளை நெருக்கி வைத்து, அட்டையில் பாறை செய்து, சாம்பிராணிப் புகையால் மூடுபனி விட்டிருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் மரம் ஒன்று. அதில் ஒரு கேமரா. அதன் முன்னால் அமைச்சர் நடந்தால் படம் உடனே பக்கத்துத் திரையில் விழும், அதுதான் தொடக்கவிழா. ஓரமாக ஒரு தாழ்ந்த முக்காலியில், விளக்குக்குக் கீழே, அந்தப் படம். பக்கத்தில் குப்பிக்குள் அவள் நூல்.

இயக்குநர் பேசினார். “நம் நிலையம் தொடங்கியபோது இந்த மலையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு, தெரியாததையெல்லாம் முறையாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். இந்த விலங்கைக் கண்டுபிடிக்க ஒரு மனித உயிர்கூடச் செலவாகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

நாத்தனாரின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். “இரு. அமைச்சர் பேசட்டும். அவர் பேசறதுதான் நமக்கு வேணும்.”

அமைச்சர் எழுந்தார். “புதிய விலங்குக்கு இன்று முதல் முழுப் பாதுகாப்பு அறிவிக்கிறேன். இதை யாரும் தொடக் கூடாது. துரத்தக் கூடாது. வழிமறிக்கக் கூடாது. அது வாயில் கவ்வியதைப் பிடுங்கக் கூடாது. மீறினால் பிணையில்லாச் சிறை. மனிதர்களுக்கும் இப்படி ஒரு பாதுகாப்புக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள்.”

பலத்த கைதட்டல். அமைச்சர் இறங்கி, செயற்கைக் காட்டுக்குள் கம்பீரமாக நடந்தார். கேமரா மின்னியது. திரையில் அவருடைய இடுப்புப்பட்டையும், அதற்கு மேலே சட்டைப் பொத்தான் ஒன்று தெறிக்கக் காத்திருப்பதும் பெரிதாக விழுந்தன. அவர் தலை எங்கும் இல்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

கேமரா கட்டியவன் நடந்து பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை நேரம் வராத கண்ணீர் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு வந்தது. ஒருமுறை முட்டி போட்டிருந்தால் போதும். இங்கே மழைகூட இல்லை, சேறு இல்லை, அட்டை கடிக்காது. மொழுமொழுவென்று தரை. அதற்கும் ஒருவன் குனியவில்லை.

அவள் எழுந்தாள். கைப்பையிலிருந்து புதுத்தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். குஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. அதை வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருந்தாள். அவருடைய மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தான் போட்டாள். இடுப்பில் கயிறைச் செருகினாள். நுனியில் முடிச்சு இருந்தது. தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு காட்டுக்குள் போய், பிளாஸ்டிக் மரத்திலிருந்து கேமராப் பட்டையைத் தளர்த்தி, தன் தொடை உயரத்துக்கு இறக்கி, இறுக்கிக் கட்டினாள். விழா நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

“அண்ணி, முட்டி பத்திரம்,” என்றாள் நாத்தனார், பயிற்சிப் பள்ளிக் குரலில்.

அவள் மண்டியிட்டாள். கையை ஊன்றினாள். நடந்தாள். அவர் வீட்டுக் கூடத்தில் எத்தனையோ முறை அவளைச் சிரிக்கவைக்க நடந்து காட்டிய நடை அது. முதலில் வலக்கை, பிறகு இடுப்பை ஒரு வெட்டு வெட்டி இடக்கால். கேமராவுக்கு நேராக வந்ததும் தலையைத் திருப்பி நாக்கைத் துருத்தினாள்.

கேமரா மின்னியது.

திரையில் விழுந்தது அதே விலங்கு. அதே வளைந்த முதுகு, அதே வால், அதே எரியும் கண்கள், அதே குஞ்சம்.  எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், முக்காலியில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

“என்னய்யா இது?” என்றார் அமைச்சர்.

இயக்குநர் மனசுக்குள் படிப்படியாகப் போய்ப் பார்த்தார். இது மனுஷி என்றால் அது மனுஷன். அது மனுஷன் என்றால் மலையில் ஆள் இருந்திருக்கிறான். ஆள் இருந்தான் என்றால் அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். நிலையத்தின் தலைவர் ஒருவர் ஒரு விழாவுக்கு நடுவில் எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொன்னார்.

“பெண் விலங்கு,” என்றார்.  பிறகு அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். “மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களே, பெண் விலங்கு. சோடி உறுதியாகிவிட்டது. உலகிலேயே முதன்முறையாக, ஒரு விழா மேடையில்.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வால் நிபுணர் மட்டும் தட்டவில்லை. அவர் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் நிற்காமல் நாலு காலிலேயே முக்காலிவரை போனாள். கழுத்தை நீட்டினாள். படத்தின் பட்டுக்கயிறைப் பல்லால் கவ்வினாள். தூக்கினாள்.

“அம்மா, அதை வைங்க,” என்று இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். “பிடிங்க. யாராவது அந்தப் படத்தைப் பிடுங்குங்க.”

வாசல் காவலாளி முன்னால் வந்தார். கையை நீட்டினார். நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “சார், வாயில கவ்வினதைப் பிடுங்கக் கூடாது. இப்பத்தான் ஐயா சொன்னார். எனக்குக் குடும்பம் இருக்கு.”

“இது விலங்கு இல்லய்யா.”

“அப்போ என்ன சார்?”

 அமைச்சரும் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கொம்பில்லாத சுவரைப் பார்த்தார்.

வாசல்வரை போன பிறகுதான் அவள் எழுந்து நின்றாள். முட்டியைத் தட்டிவிட்டாள். வாயிலிருந்து படத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

“சார், நான் மனுஷிதான்னு நீங்க ஒரே ஒரு தடவை சொல்லுங்க. இங்கேயே வெச்சுட்டுப் போயிடறேன்.”

அவள் காத்திருந்தாள். நியாயமான அளவு காத்திருந்தாள். சாம்பிராணிப் புகை மெல்லக் கலைந்தது. 

காவலாளி இரண்டு கதவையும் முழுசாகத் திறந்தார். “வழியும் மறிக்கக் கூடாது,” என்று யாரிடமோ விளக்கம் சொன்னார்.

கடைக்கு வந்ததும் அவள் முதலில் மரச்சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடிச் சட்டங்களுக்கு வைத்திருக்கிற சின்னத் திருப்புளி போதுமானதாக இருந்தது. அடிப்பக்க மரத்துக்குக் கீழே, அவள் எதிர்பார்த்த இடத்தில், தேதி இருந்தது. மலை மூடியிருந்த தேதி. பக்கத்தில் நேரம். அந்த நேரத்தில் அவள் இதே கடையில் இதே மேசையில் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மழை பெரிதாகப் பெய்கிறதே என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

கண் பரிசோதிக்க ஒரு எழுத்துப்பலகை சுவரில் மாட்டியிருந்தாள். மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் பலகை. அதைக் கழற்றினாள். அந்த ஆணியில் இந்தப் படத்தை மாட்டினாள்.

அதன் பிறகு கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதைத்தான் படிக்க வேண்டும்.

“என்ன தெரியுது?” என்பாள்.

“ஒருத்தர் தவழ்ந்து போறார்.”

“தலையில?”

“தொப்பி. குஞ்சம் வெச்சது. சாஞ்சிருக்கு.”

“சிரிக்கிறாரா?”

“சிரிப்பை அடக்கற மாதிரி இருக்கு.”

“கீழே சின்னதா எழுத்து இருக்கு பாருங்க. படிக்க முடியுதா?”

அவர்கள் தேதியைப் படிப்பார்கள். பார்வை சரியாக இருந்தால் முதல் தடவையே படித்துவிடுவார்கள். இல்லையென்றால் அவள் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, படிக்கும்வரை விடமாட்டாள். படித்தவர்களில் பலருக்கு அந்த மழை நினைவிருந்தது. அன்றைக்கு மலை மூடியிருந்ததே என்பார்கள். ஆமா, என்பாள் அவள். அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. ஊர் பெரிதில்லை, கண் கெட்டவர்களுக்கும் குறைவில்லை. அவள் அந்தத் தேதியை யாரிடமும் சொல்லாமலே ஊரே அதைச் சத்தமாகப் படித்து முடித்தது.

ஒரு பின்மதியத்தில் இயக்குநர் வந்தார். கதவருகே சிறிது நேரம் நின்று, சாலையை இரு பக்கமும் பார்த்துவிட்டு நுழைந்தார். கையில் ஒரு மருந்துச்சீட்டு. அதைக் கை நீளுமட்டும் தள்ளிப் பிடித்தும் படிக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார்.

அவள் கோபமாகப் பேசவில்லை. உட்காருங்க சார் என்றாள். நாற்காலியைச் சரியான தூரத்துக்கு நகர்த்தினாள். ஒரு கண்ணை மூடச் சொன்னாள். விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“என்ன தெரியுது?”

அவர் சுவரைப் பார்க்காமல் மருந்துச்சீட்டை மடித்தார்.

அவள் சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் பொருத்தி, ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். “இப்போ?”

கடைக்கு வெளியே நாத்தனார் வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் ஒரு வில்லையை மாற்றினாள்.

“அவசரம் இல்ல சார். மெதுவா பாருங்க. எங்கிட்ட இன்னும் நிறைய வில்லை இருக்கு.”